முதற் சம்பளம் எதற்கு?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. இவ்விரண்டும் எத்துணை அரிய செயல்கள் என்பதை உணர்த்த எழுந்த மொழி அது. ஆயினும் அம்மொழியைச் சொன்ன முதியோர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டனர். பழைய கடன் தலைமேல் இருக்கும்போதே வீட்டைக் கட்டவும் கலியாணத்தைச் செய்யவும் நேர்ந்தால் என் செய்வது? கடனைத் தீர்த்துவிட்டுக் கட்டுவதா? கட்டிவிட்டுத் தீர்ப்பதா?

இஃது ஏதோ பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து பேசவேண்டிய செய்தி, மாணவர்க்கு இதனால் என்ன என்று நண்பர்கள் சிலர் எண்ணலாம். அங்ஙனம் எண்ணற்க. இன்று பட்டம் பெற்று வெளியேறும் இளைஞன் வேலைக்குச் செல்லும் முதல் நாளிலேயே அவன் வீட்டில் அவனுடைய சம்பளத்திற்குப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். தந்தையின் கடன் ஒரு பக்கம். தங்கையின் திருமணம் ஒரு பக்கம். ஓட்டு வீட்டை இடித்து மாடி எழுப்ப வேண்டும் என்னும் ஆசை மற்றொரு பக்கம். இவற்றுள் எதற்கு முதலிடம் என்பதை அவன் தெளியாவிடில், அவனுடைய இளமை முழுவதும் பிறர்க்கு வட்டி கட்டுவதிலேயே கழிந்துவிடும்.

மர்பி டவுனைப் பாருங்கள்

நம் நகரத்துத் தமிழர் வாழ்வை அறிய விரும்புவோர் அல்சூரை ஒட்டிய மர்பி டவுனுக்குச் செல்லலாம். பெங்களூர்த் தண்டில் படையோடும் படைக்கு வேண்டிய தொழில்களோடும் வந்து சேர்ந்த தமிழ் மக்களின் வழிவந்தோர் இன்றும் வாழும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கியது. 1898இல் பெங்களூரை வாட்டிய பிளேக் நோய், நெருக்கமான, காற்றோட்டமில்லாத குடியிருப்புகளின் கேட்டை ஆட்சியாளர்க்கு உணர்த்திற்று. அதன் பின்னரே திட்டமிட்ட புறநகர்கள் பல எழுந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எளியோர்க்கும் ஒழுங்கான வீடு வேண்டும் என்று கருதிய பொறியாளர் மர்பியின் பெயரால் இப்பகுதி மர்பி டவுன் ஆயிற்று. தண்டுப் பகுதி 1947ஆம் ஆண்டு வரை வெள்ளையர் நேராட்சியில் இருந்து, பின்னரே மைசூர் அரசிடம் வந்து சேர்ந்தது.

எளியோர்க்கு வீடு என்பதற்காகப் பெயர் பெற்ற இடத்திலேயே இன்று எளியோரை வருத்துவது எது? வீடுதான்! பாட்டன் காலத்து வீடு பேரன் குடும்பத்திற்குப் போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாடி மேல் மாடி எழுப்பி வாடகைக்கு விட்டிருக்கிறார். இந்திரா நகரும் மெட்ரோ ரயிலும் அருகே இருக்கின்றன. 2011இல் மெட்ரோ ஓடத் தொடங்கிய நாள்முதல் இப்பகுதிகளில் வாடகை பற்றிய பேச்சே வேறாயிற்று. நாமும் ஒரு மாடி கட்டினால் வாடகை வரும், அந்த வாடகையே கடனைத் தீர்க்கும் என்று குடும்பத் தலைவர் கணக்குப் போடுகிறார். கேட்பதற்கு இனிய கணக்குத்தான். ஆனால் மெய்யான கணக்கா?

தாளில் எழுதிப் பார்ப்போம்

ஒரு குடும்பத்தைக் கருதிக் கொள்வோம். இது கற்பனைக் குடும்பமே. ஆயினும் இதனைப் போன்றதை அறியாதவர் நம்மில் இரார். தந்தை வண்டி ஓட்டுகிறார். தாய் தையல் வேலை செய்கிறாள். மகன் இப்பொழுதுதான் பட்டம் பெற்று 25,000 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்திருக்கிறான். கடன்கள் மூன்று. வங்கியில் நகை அடகு வைத்து வாங்கியது 1,00,000 ரூபாய், ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி. தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கியது 60,000 ரூபாய். கடைத் தெருவில் நாள் தண்டலுக்கு எடுத்தது ஒன்று: கைக்கு வந்தது 18,000, நாள்தோறும் 200 வீதம் நூறு நாளில் கட்ட வேண்டியது 20,000.

இம்மூன்றில் எது கொடியது? பலரும் ஒரு லட்சம் என்ற பெரிய தொகையைக் கண்டே அஞ்சுவர். தண்டலைப் பற்றிக் கவலைப்படார். இரண்டாயிரம் ரூபாய்தானே அதிகம் என்பர். இங்கேதான் நாம் பள்ளியில் கற்ற கணக்கு பயன்பட வேண்டும். 18,000 ரூபாய் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. நாள்தோறும் குறைந்துகொண்டே போகிறது. சராசரியாக நம்மிடம் இருப்பது 9,000 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 2,000 ரூபாய் வட்டி எனில், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 80 ஆகிறது! மூன்று வட்டி என்று மெல்லச் சொல்லும் கடன் ஆண்டுக்கு நூற்றுக்கு 36. நாம் அஞ்சிய வங்கிக் கடனோ 12தான். தொகையைக் கண்டு அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியது வட்டியை அன்றோ!

இப்பொழுது மாடிக்கு வருவோம். மாடி எழுப்ப 8,00,000 ரூபாய் வேண்டும் என்று கொள்வோம். மனைப் பத்திரம் தெளிவாக இல்லை. வங்கிக்குப் போனால் காலம் ஆகும். ஆகவே இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்குகின்றனர். திங்கள்தோறும் வட்டி மட்டும் 16,000 ரூபாய். மாடியில் வரும் வாடகை 9,000 என்று வைத்துக் கொண்டாலும் 7,000 ரூபாய் குறைகிறது. அசல் ஒரு காசும் குறையவில்லை. வாடகை கடனைத் தீர்க்கும் என்றார்களே, அது வட்டியைக்கூடத் தீர்க்கவில்லை! அந்த 7,000 யார் தலையில் விழும்? மகனுடைய சம்பளத்தின் மீதுதான்.

அதே குடும்பம் ஓராண்டு பொறுத்து, பத்திரங்களைச் செம்மைப்படுத்தி, கொடிய கடன்களைத் தீர்த்துவிட்டு வங்கியிடம் செல்கிறது என்க. அதே 8,00,000 ரூபாய் நூற்றுக்கு 9 வட்டியில் 15 ஆண்டுக்குக் கிடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 8,100 ரூபாய். இதில் அசலும் அடங்கும். 9,000 ரூபாய் வாடகை இதனைத் தாங்கிவிடும். மாடி ஒன்றே; செங்கல்லும் கம்பியும் ஒன்றே; கொத்தனார் கூலியும் ஒன்றே. கடனின் வகை வேறானமையால் ஒருவன் வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆகிறான், மற்றொருவன் தன் வீட்டிலேயே பிறர்க்கு உழைக்கும் கூலியாள் ஆகிறான்.

வங்கி நம்மைப் பார்க்கும்போது பழைய கடன்களையும் பார்க்கிறது. கடன் வாங்கியோரின் வரலாற்றைத் திரட்டித் தரும் நிறுவனங்கள் நம் நாட்டில் இயங்குகின்றன. எந்தத் தவணை தவறிற்று என்பது அங்கே பதிவாகியிருக்கும். ஆகவே கடனைத் தீர்ப்பது மாடிக்குத் தடை என்று கருதுவோர் தவறாகக் கருதுகின்றனர். மாடிக்குப் போகும் முதற்படியே அதுதான்.

அட்வான்சும் கடனே

பெங்களூரில் வீடு மாற்றுவோர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்கும் வழக்கம் இங்கு நெடுநாளாக ஊறிப்போனது. வாங்கும் வீட்டுக்காரர் அதை வருமானம் என எண்ணிச் செலவிட்டுவிடுகிறார். அது வருமானமன்று, குடியிருப்போர் காலி செய்யும் நாளில் திருப்பித் தர வேண்டிய வட்டியில்லாக் கடன். அந்நாள் வரும்போது, புதிதாக வருபவரின் அட்வான்சை வாங்கிப் பழையவர்க்குத் தருவதே பல வீடுகளின் நிதிநிலை!

லீசு என்று நம்மூரில் சொல்லும் போக்கியமும் அத்தகையதே. வாடகை இல்லை; பெருந்தொகையை ஒருங்கே கொடுத்துவிட்டு, குறித்த ஆண்டுகள் குடியிருந்து, போகும்போது திரும்பப் பெறலாம். கையில் பணம் உள்ளவர்க்கு நல்ல ஏற்பாடு. ஆனால் 5,00,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கி லீசுக்குக் கொடுப்பவர் மாதம் 10,000 ரூபாய் வட்டி கட்டுகிறார். 9,000 ரூபாய் வாடகைக்குப் பயந்து 10,000 ரூபாய் வட்டிக்கு ஆளாவது அறிவுடைமையாகுமா? அன்றியும், வீட்டுக்காரர் அவ்வீட்டை ஏற்கனவே வங்கியில் அடகு வைத்திருந்து, தவணை தவறி, வங்கி வீட்டைக் கைப்பற்ற வருமாயின், லீசுக்குக் கொடுத்த தொகையைத் தேடி அலைய நேரும். வில்லங்கச் சான்று பாராமலும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமலும் எவரும் லீசுக்குப் பணம் கொடுத்தல் கூடாது.

காத்திராத செலவுகள்

மாடி காத்திருக்கும். குழந்தைப் பிறப்பு காத்திராது. நோய் காத்திராது. சாவும் காத்திராது. தங்கையின் திருமணத்தையும் எல்லாக் கடனும் தீரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளி வைக்க முடியாது. தள்ளி வைப்பது அறமும் அன்று. கடன் முழுதும் அடைந்த பின்னரே வேறு எதுவும் என்று கூறும் கண்டிப்பான கட்சியார் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். ஏழையின் வாழ்வில் கடனே இல்லாத நல்ல நாள் ஒன்று வரும் என்று காத்திருந்தால், எந்தப் பெண்ணுக்கும் திருமணம் நடவாது.

ஆகையால் என் கருத்து இது. காத்திராத செலவைச் செய்க. ஆனால் அதன் அளவை முன்னரே வரையறுத்துக் கொள்க. திருமணத்திற்கு 3,00,000 என்று முடிவு செய்தால், மண்டபத்து வாயிலில் நின்று உறவினர் முகத்தைப் பார்த்து அதை 5,00,000 ஆக்குதல் கூடாது. மொய் வரும் என்று நம்பிக் கடன் வாங்குவோர், மொய்யும் ஒரு நாள் திருப்பி எழுத வேண்டிய கடன் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர் வீட்டுக்கு எல்லாம் போய்ச் சேர வேண்டிய நாள் வரும் அல்லவா?

வட்டி மிகுந்த கடனை வட்டி குறைந்த கடனாக மாற்றுவதும் தீர்ப்பதில் பாதியாகும். நாம் எடுத்துக்கொண்ட குடும்பத்தில் பெட்டியில் இன்னும் நகை இருக்குமானால், அதை வங்கியில் வைத்து 60,000 வாங்கி மூன்று வட்டிக் கடனை அடைத்துவிடலாம். மாதம் 1,800 ரூபாயாக இருந்த வட்டி 600 ஆகிவிடும். நகை இல்லையா? மகன் மாதம் 8,000 ரூபாயை அக்கடனுக்கே ஒதுக்கினால் 9 மாதத்தில் அது ஒழியும். மொத்த வட்டி ஏறத்தாழ 9,000 ரூபாயோடு போகும். அவ்வாறின்றி மூன்றாண்டு வட்டி மட்டுமே கட்டிவந்தால் 64,800 ரூபாய் போயிருக்கும். 60,000 அசல் அப்படியே நிற்கும்! தண்டலோ நூறாம் நாள் தானே முடியும். முடிந்த அன்று மாலையே அடுத்த தண்டல் எடுக்காதிருப்பதுதான் ஆண்மையும் பெண்மையும்.

ஏலச்சீட்டைப் பற்றியும் ஒரு சொல். 1982ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டு, சேமிப்புக்கும் உதவும், தக்க நேரத்தில் கைக்குப் பணமும் தரும். நடத்துவோர்க்குரிய கழிவு நூற்றுக்கு 7க்கு மேல் போகலாகாது என்று 2019இல் திருத்தம் வந்தது. பதிவில்லாச் சீட்டு, நடத்துபவரின் நாணயத்தை மட்டுமே நம்பி நிற்பது. நாணயம் இருந்தால் சரி. அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யாரிடம் கேட்பது?

மறைத்து வைத்த கடன்

கடனைவிடக் கொடியது ஒன்றுண்டு. அது கடனை மறைப்பது. தந்தை வாங்கியது தாய்க்குத் தெரியாது. தாய் மகளிர் குழுவில் வாங்கியது தந்தைக்குப் பாதி தெரியும். மகனுக்கோ இரண்டும் தெரியா. படிக்கிற பிள்ளை மனம் கலங்கக் கூடாதென்று மறைக்கின்றனர். அன்பினால் மறைக்கிறார்கள் என்பதை ஒப்புகிறேன். ஆனால் அந்த அன்பு, தெரிய வேண்டியவனுக்குத் தெரியாமல் செய்து, அவன் முதற் சம்பளத்தில் தவணைக்கு இருசக்கர வண்டி வாங்கிய பின்னர் அவன் காதில் விழச் செய்கிறது. அன்று வீட்டில் எழும் சண்டைக்கு யார் பொறுப்பு?

ஆகவே வீட்டிலுள்ளோர் அனைவரும் ஓர் இரவு கூடியிருந்து ஒரு தாளில் எழுத வேண்டும். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, ஈடு என்ன, ஜாமீன் யார் என ஐந்தே பத்திகள். வட்டி எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக மாற்றி எழுதுக. மிகுந்த வட்டி உடையதை மேலே எழுதுக. முதற் சம்பளம் அந்த முதல் வரிக்குச் செல்லட்டும். கீழே இருப்பவற்றுக்குத் தவணை தவறாதிருந்தால் போதும். இதற்குப் பெரிய பொருளாதார அறிவு வேண்டுவதில்லை. ஒருவரையொருவர் குற்றம் சாட்டாத மனம் வேண்டும், அவ்வளவே.

சட்டம் என்ன சொல்கிறது?

தந்தை பட்ட கடன் மகனைத் தொடரும் என்பது பழைய எண்ணம். இந்து வாரிசுரிமைச் சட்டத்திற்கு 2005ஆம் ஆண்டில் வந்த திருத்தம் இதனை மாற்றியது. அத்திருத்தத்திற்குப் பின் தந்தை வாங்கிய கடனுக்கு, மகன் என்ற சமயக் கடமையை மட்டும் காட்டி அவன்மீது வழக்குத் தொடர முடியாது. தந்தை விட்டுச்சென்ற சொத்து அக்கடனுக்குப் பொறுப்பாகலாம். மகனுடைய சொந்த உழைப்பு ஆகாது. ஆனால் மகன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், ஜாமீன்தாரரையும் கடனாளிக்கு நிகராகவே பொறுப்பாக்குகிறது. ஆகவே நண்பர்களே, பேனாவை எடுக்குமுன் தாளைப் படியுங்கள்.

கடன் கொடுத்தோரும் தாம் விரும்பியவாறெல்லாம் நடக்க முடியாது. கருநாடகத்தில் மிகை வட்டியைத் தடுக்கும் சட்டம் 2004 முதல் உண்டு. சிறுகடன் கொடுத்தோரின் வற்புறுத்தலால் மக்கள் ஊரை விட்டு ஓடுவதும் உயிரை மாய்த்துக் கொள்வதும் பெருகவே, 2025 பிப்ரவரியில் இம்மாநில அரசு அவசரச் சட்டம் ஒன்றைக் கொணர்ந்தது. பதிவின்றிக் கடன் கொடுத்து வற்புறுத்துவோர்க்குப் பத்தாண்டுவரை சிறை என்று அது கூறிற்று. நுண்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை செய்தலும் கூடாது. இங்கிலாந்தில் 2021 முதல், கடனில் தத்தளிப்போர்க்கு 60 நாள் மூச்சுவிட அவகாசம் தரும் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. அத்தகைய அவகாசம் நம் நாட்டு ஏழைக்கும் வேண்டும் என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

இவற்றை எல்லாம் சொல்வது வாங்கிய கடனை ஏமாற்றுவதற்காக அன்று. வாங்கியதைத் திருப்பித் தருதல் தமிழன் மானத்தோடு பிறந்த பண்பு. ஆனால் மானத்திற்கு அஞ்சி, கேட்டவர்க்கெல்லாம் கேட்ட வட்டியைக் கொட்டிக் கொடுத்தல் பண்பாகாது, அது அறியாமை.

மன்றத்தின் பங்கு

கடனிலிருந்து மக்களை மீட்கும் வேலையில் கற்றவர்கள் முன்னின்ற வரலாறு நமக்கு உண்டு. 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. மறு ஆண்டில் இக்கருநாடக மண்ணின் கணகினஹாளில் உழவர் கடன் சங்கம் எழுந்தது. ஆயினும் அரை நூற்றாண்டு கழித்து 1954இல் வெளிவந்த நாட்டுப்புறக் கடன் ஆய்வு என்ன கண்டது? உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு 3 அளவே. வட்டிக்கடைக்காரரின் பங்கு ஏறத்தாழ 70. சட்டம் இருந்தும், சங்கம் இருந்தும், எளியவனிடம் போய்ச் சேருவதற்கு ஆள் இல்லை. இன்று வங்கிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆயினும் விண்ணப்பத்தை நிரப்பவும், ஆங்கிலத்தில் உள்ள நிபந்தனைகளைப் படித்துச் சொல்லவும் ஆளில்லாமையால், நம் மக்கள் முகம் தெரிந்த தண்டல்காரரிடமே போகின்றனர்.

அந்த ஆளாக நாம் ஏன் இருக்கக்கூடாது? நம் மன்றம் ஆண்டுதோறும் இயல், இசை, நாடக விழாக்களை நடத்துகிறது. நடத்தட்டும், நானும் கைதட்டுகிறேன். அவற்றோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வணிகவியலும் சட்டமும் பயிலும் நண்பர்கள் நால்வர் மர்பி டவுனுக்குச் செல்லட்டும். ஒரு மேசை, சில நாற்காலிகள், சில தாள்கள் போதும். வருவோர் கடன்களை ஆண்டு வட்டிக்கு மாற்றி எழுதிக் கொடுப்போம். பத்திரங்களைத் தமிழில் படித்துச் சொல்வோம். வங்கி விண்ணப்பங்களை நிரப்பித் தருவோம். ஒரு குடும்பம் மூன்று வட்டியிலிருந்து ஒரு வட்டிக்கு மாறினாலும் அது நம் விழா மேடையில் ஒலித்த கைதட்டலினும் பெரிது.

அதற்கு முன் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் அந்த ஐந்து பத்தித் தாளை எழுதத் தொடங்குவோம். முதற் சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இன்றிரவே கேளுங்கள்: "அப்பா, நம் வீட்டுக்கு எவ்வளவு கடன்?" அவர் முதலில் உனக்கெதற்கு என்பார். இரண்டாம் முறை கேளுங்கள், சொல்வார்.